சேவலைப் பிடித்திருந்த கைகள்

செய்தி வந்தபோது அடுப்பில் காபி கொதிக்க ஆரம்பித்திருந்தது. வெளியே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வாசற்படியில் எங்கள் சபையின் சிஸ்டர் யூலா மே நின்றுகொண்டிருந்தாள். நெடுஞ்சாலையோரக் கூடாரங்களிலிருந்து என் வீடுவரை பருத்திக் காடு வழியாக நடந்தே வந்திருக்கிறாள். முழங்கால் வரை சேறு. தலையில் தொப்பி இல்லை. தொப்பி இல்லாத யூலாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நோனா, உங்க பெரியப்பா போயிட்டாரு," என்றாள். "கோழியைத் திறந்துவிட வெளியில வந்தாரு. ரோட்டுல போன கார்லேருந்து சுட்டுட்டாங்க."

ஷெரிஃப் அதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இது மான் வேட்டைக் காலம், யாரோ காரிலிருந்தபடியே மானைச் சுட்டிருக்கிறான், குறி தவறிவிட்டது என்று சொன்னாராம். கார் என்ன நிறம் என்று எல்லோரையும் கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருட்டு நிறம்னு சொன்னேன்." யூலா தன் சேற்றுக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நிஜ நிறத்தைச் சொன்னா அதே கார் நாளைக்கு எனக்கும் வரும்."

அடக்க ஆராதனையில் வாசிக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி சபையார் கேட்டார்கள். குடும்பத்தில் காலேஜ் வரை போனவள் நான் ஒருத்திதான். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹோசியா டில்லர்ட், இந்த மாவட்டத்தில் பிறந்தார், இளம் வயதில் இரட்சிக்கப்பட்டார், வெர்டீயை மணந்தார், பிள்ளைகள் இல்லை, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடைசி பெஞ்சில் ஷெரிஃபின் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மேல் எழுத முடியாது. அந்தக் குறிப்பில் சேவல் இல்லை. சேவல் இல்லாமல் அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்ததாக எனக்குத் தெரியாது. அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

வெர்டீ என் அம்மாவின் அக்கா. அவளைக் கட்டிய வகையில் ஹோசியா எனக்குப் பெரியப்பா. அவர் பிறந்தது பிரூயிட் குடும்பத்தின் நிலத்தில். அவருடைய அப்பா அங்கே விளைச்சலில் பாதியைக் கொடுக்கும் வாரத்துக்குப் பருத்தி போட்டார். பெரியப்பாவும் போட்டார். ஆனால் அவருடைய கை எதற்கு உதவும் என்பதைப் பிரூயிட் குடும்பம் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. பெரிய உள்ளங்கை, நீளமான விரல்கள். முரட்டுச் சேவல் எதுவானாலும் அந்தக் கைக்குள் வந்ததும் மூச்சைத் தாழ்த்திவிடும். மிஸ்டர் ரான்ஸம் பிரூயிட் தன் அப்பாவிடமிருந்து நிலத்தோடு சண்டைச் சேவல்களையும் பெற்றுக்கொண்டபோது, சேவல்களோடு ஹோசியாவையும் பெற்றுக்கொண்டதாகவே நினைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் வரிசையாகப் பீப்பாய்கள் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு சேவல், காலில் கயிறு. ஒன்றின் கயிறு இன்னொன்றை எட்டாது. அவித்த முட்டையும் சோளரொட்டியும் பிசைந்து பெரியப்பா அவற்றுக்கு ஊட்டுவார். வீட்டில் முட்டை இல்லாத நாளிலும் சேவலுக்கு முட்டை உண்டு.

சேவல் சண்டைக்குச் சட்டத்தில் தடை இருந்தது. ஆனால் சண்டைக் களத்தில் முன்வரிசைப் பலகையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பவர் ஷெரிஃப். அடிபட்ட சேவலின் தொண்டையில் ரத்தம் கட்டி மூச்சு அடைக்கும். அப்போது அதன் தலையைத் தன் வாய்க்குள் வைத்து, அந்த ரத்தத்தை உறிஞ்சித் துப்புவார் பெரியப்பா. செத்துவிட்டது என்று எல்லோரும் எழுந்துவிட்ட பிறகும் சில சேவல்கள் அப்படித் தலை தூக்கியிருக்கின்றன. மிஸ்டர் ரான்ஸம் அதைத் தன் நண்பர்களுக்குக் காட்டுவதற்காகவே சில சமயம் காத்திருப்பாராம்.

"சனிக்கிழமை ராத்திரி அந்த வாயோட என் பக்கத்துல வராதே," என்பாள் வெர்டீ பெரியம்மா. "நாளைக்குச் சர்ச்சுல பாடி அதைக் கழுவிட்டு வா, அப்புறம் பாக்கலாம்." அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரையும்விட உரக்கப் பாடுவார். ஏன் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ஒரு விலங்கு எப்படிச் சின்னமாக வந்தது என்று காலேஜில் ஒரு வகுப்பில் சொன்னார்கள். அவற்றில் ஒன்றின் வேட்பாளரை எதிரிகள் கழுதை என்று திட்டினார்களாம். அவர் அதைத் தனக்கே பட்டமாக வைத்துக்கொண்டாராம். மற்றக் கட்சியின் யானை ஒரு பத்திரிகைப் படத்தில், மிரண்டு ஓடுகிற யானையாகத்தான் முதலில் பேர் வாங்கியதாம். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலபாமாவில் எங்கள் பக்கத்துக்குக் கழுதையும் வந்ததில்லை, யானையும் வந்ததில்லை. எங்கள் ஓட்டுச்சீட்டில் கழுதையின் கட்சிக்கு இருந்தது ஒரு சேவல். அதன் தலைக்கு மேல், மேலாதிக்கம் வெள்ளையருக்கே என்று அச்சடித்திருக்கும்.

அந்தச் சேவல் எங்கிருந்து வந்தது என்பதற்கு மிஸ்டர் ரான்ஸம் ஒரு கதை வைத்திருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் கோர்ட்டுப் படியில் நின்று அதைச் சொல்வார். அடிமைத்தனத்தை ஒழித்த பழைய யுத்தத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் கறுப்பர்கள் ஓட்டுப் போட்டார்கள், கோர்ட்டுக்குள் நாற்காலி போட்டும் உட்கார்ந்தார்கள். அவர்களை விரட்டியடித்த நாளில் அவருடைய தாத்தா ஒரு சிவப்புச் சேவலைக் கொண்டுவந்து இதே படியில் கட்டினாராம். அது கூவியதாம். அன்றைக்குத்தான் இந்த மாவட்டத்துக்கு விடிந்ததாம். எப்படி விரட்டினார்கள் என்பதை மிஸ்டர் ரான்ஸம் சொல்லமாட்டார். அந்த வருஷம் கோர்ட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் யாரும் மீன் பிடிக்கவில்லை என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள்.

கதை முடியும் இடத்தில் சேவல் கூவ வேண்டும். அதற்குத்தான் பெரியப்பா. விடியற்காலையிலேயே சேவலின் மேல் தடித்த சாக்கைப் போர்த்திவிடுவார். மதியம் வரை அதற்கு இருட்டு. மிஸ்டர் ரான்ஸம் கையைத் தூக்கினதும் பெரியப்பா சாக்கை எடுப்பார். வெளிச்சம் கண்ணில் பட்டதும், விடிந்துவிட்டது என்று நினைத்துச் சேவல் கழுத்தை நீட்டிக் கூவும். கூட்டம் கை தட்டும். ஒரு தேர்தலில்கூடத் தவறியதில்லை.

மாவட்டப் பத்திரிகையில் ஒவ்வொரு முறையும் அந்தப் படம் வரும். சேவலும், அதைப் பிடித்திருக்கிற இரண்டு கறுப்புக் கைகளும். மணிக்கட்டோடு படத்தை வெட்டியிருப்பார்கள். பெரியம்மா அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். விருந்தாளி வந்தால், "இவருதான் எங்க வீட்டுக்காரரு, மத்தது பின்னாடி வருது," என்பாள்.

அந்தக் கைகள் ஓட்டுச்சீட்டைத் தொட்டதில்லை. எங்களில் யாருடைய கையும் தொட்டதில்லை. பெயர் பதியப் போனவர்கள் திரும்பி வரும்போது அவர்கள் குடியிருந்த வீடு அவர்களுடையதாக இருக்காது.

பெரியம்மா இறந்தபோது, வீட்டுக்குப் பக்கத்திலேயே தேவதாரு மரத்தடியில் புதைக்க மிஸ்டர் ரான்ஸம் அனுமதி கொடுத்தார். அதைப் பெரிய மனது என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியப்பா கல்லறை மண்ணைப் புல் இல்லாமல் செதுக்கி, அவள் கடைசியாகக் காபி குடித்த நீலக் கோப்பையைத் தலைமாட்டில் பதித்து வைத்தார். காலையில் சேவல்களுக்குப் போகும் வழியில் அங்கே கொஞ்ச நேரம் நிற்பார்.

பிறகு எங்களையும் ஓட்டுப் போட விடச்சொல்லிப் புதுச் சட்டம் வந்தது. வாஷிங்டனிலிருந்து ஆள் வந்து தபாலாபீஸில் உட்கார்ந்து எங்கள் பெயர்களைப் பதிந்தார். வெள்ளைக்காரர்கள் கடைகளில் எங்களிடம் பேசுவதை நிறுத்தினார்கள். பதிந்தவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். வெளியேறியவர்கள் நெடுஞ்சாலையோரம் சபைக்குச் சொந்தமான துண்டு நிலத்தில் கூடாரம் போட்டார்கள். அந்த வருஷம் சேவலின் தலைக்கு மேலிருந்த வார்த்தைகளைக் கட்சிக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். சேவலை எடுக்கவில்லை.

சேவலின் கீழே நாங்கள் போய் நிற்க முடியாது. சொந்தமாகக் கட்சி வேண்டும் என்றால், எங்கள் மாநிலத்தில் சீட்டில் ஒரு சின்னமும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துத்தான் குறி போடுவார்கள். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் அதற்குள் கருஞ்சிறுத்தையைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு எது என்று முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் சர்ச்சிலேயே இருந்தோம்.

கோவேறு கழுதை என்று ஒருவர் ஆரம்பித்தார். வாழ்நாள் முழுக்க அதன் பின்னால் நடந்திருக்கிறோம், அதன் பின்பக்கத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை, அதற்கா ஓட்டு என்று இன்னொருவர் உட்காரவைத்தார். நாய் ஷெரிஃபுடையது. பாம்பை வேதாகமம் விடாது. முயல் என்றார்கள், மான் என்றார்கள். சொன்னவர்களே கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அவற்றைச் சுட இங்கே யாருக்கும் காரணம் தேவையில்லை. சிங்கம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சிங்கத்தை யாரு பாத்தீங்க?" என்றாள் யூலா மே. "பைபிள்ல தானியேல் ஒருத்தருதான் பாத்தாரு. அவரு இந்த மாவட்டத்துல பதியல."

சிரிப்பு அடங்கும்போது எல்லோர் கண்ணும் கடைசி பெஞ்சுக்குப் போனது. பெரியப்பா அங்கே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வந்திருந்ததே பலருக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மிஸ்டர் ரான்ஸம் காதுக்கு எல்லாம் போய்விடும் என்று எனக்கு முன்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள். நான் அவருக்காகப் பேசவில்லை. எனக்கும் நிச்சயமாகத் தெரியாது.

யூலா அவர் பக்கம் திரும்பினாள். "பிரதர் ஹோசியா, நீங்க சொல்லுங்க. உங்க சேவல் எதைக் கண்டா பயப்படும்?"

அவர் மெதுவாக எழுந்தார். "எதுக்கும் பயப்படாது, சிஸ்டர். ரெண்டு கண்ணும் போனப்புறமும் எதிர்ல நிக்கிறதைத் தேடும். பயமெல்லாம் அதைப் பிடிச்சிருக்கிறவனுக்குத்தான்."

உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் எருது என்று முடிவானது. எருதை யாரும் சுடமாட்டார்கள், அதன் விலை தெரியும் என்று சொன்னார்கள். ஒரு நிபந்தனை: நுகத்தடி இருக்கக்கூடாது. வரைகிற வேலை என் தலையில் விழுந்தது. தெரிந்தால் என் பள்ளிக்கூட டீச்சர் வேலை போய்விடும், அதனால் திரைச்சீலையை இழுத்துவிட்டு வரைந்தேன். பெரியப்பாவிடம் மட்டும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"காது பெருசா இருக்கு," என்றார். "பரவாயில்ல. நல்லாக் கேக்கட்டும்."

பிறகு வாரா வாரம் சர்ச்சின் பின்னறையில் வயதானவர்களுக்கு அட்டையில் சேவலையும் எருதையும் ஒட்டிக் காட்டி, எருதின் கீழே குறி போடப் பழக்கினோம். சிலர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பென்சில் பிடித்தார்கள்.

தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கீரையும் பன்றியிறைச்சியும் வைத்தேன். தட்டில் கை வைக்காமலே சொன்னார்.

எங்கள் பக்கத்து ஓட்டுச்சாவடி மிஸ்டர் ரான்ஸமின் கடைதான். இந்த முறை கோர்ட்டுப் படிக்குப் போக வேண்டாம், தேர்தலன்று காலையிலேயே சேவலோடு கடை வராந்தாவுக்கு வந்துவிடு என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"உங்க ஆளுங்களுக்கு உன் முகம் தெரியும், ஹோசியா. பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. உன் கையில சேவலைப் பாத்தா எங்க குறி போடணும்னு புரிஞ்சுக்குவாங்க. கதவு திறக்கிறப்போ ஒரு தடவை கூவட்டும். அது போதும்." குரலைக்கூட உயர்த்தவில்லையாம். போகும்போது வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு தேவதாரு மரத்தைப் பார்த்திருக்கிறார். "இந்த வருஷம் இந்தப் பக்கம் மாட்டை மேய விடலாம்னு இருக்கேன். உனக்கு அதுல ஒண்ணும் இல்லையே?"

நான் கேட்க நினைத்ததை அவரே சொன்னார்.

"நின்னா வீடு இருக்கும், வெர்டீ கிட்ட இருப்பேன். ஆனா வயசானவங்க என்னைப் பாத்துட்டுத்தான் உள்ள போவாங்க, நோனா. அங்க பென்சிலைப் பிடிச்சதும் கை நடுங்கும். எருதெல்லாம் மறந்துடும். கடைசியாப் பாத்ததுதான் ஞாபகம் இருக்கும்."

அந்த வாரம் ஒரு நாள் அவர் சேவல்களிடமிருந்து திரும்பியபோது, முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் அவர் வீட்டை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். சுவரை அளந்தார், கதவை அளந்தார். பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனாராம். வெள்ளைக்காரர் ஒருவர் தன்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை என்றார். அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

இதற்குள் விஷயம் ஊரில் பரவியிருந்தது. யூலா மே அவர் வீட்டுக்கே போனாள். போய் நின்றுகொண்டே பேசினாள். "பிரதர், நான் உங்களைக் கேலி பண்ணியிருக்கேன். அது வேற. நீங்க அந்த வராந்தாவுல அதைத் தூக்கிட்டு நின்னா, நான் உங்களைப் பாக்காம உள்ள போவேன். அப்புறம் எப்பவும் பாக்கமாட்டேன்." அவர் அவளுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தார். பதில் கொடுக்கவில்லை. எனக்கும் கொடுக்கவில்லை. தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்கு வரவில்லை.

தேர்தலன்று இருட்டிலேயே வரிசை கடையிலிருந்து சாலைவரை வந்துவிட்டது. குளிர். எதிர்ப்பக்கம் பிக்கப் வண்டிகள் விளக்கை அணைத்துவிட்டு நின்றன. உள்ளே சிகரெட் நெருப்பு மட்டும் தெரிந்தது. வெளுத்து வரும்போது பெரியப்பா வந்தார். இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துச் சாக்கு மூடிய உருண்டையைப் பிடித்திருந்தார். கோர்ட்டுப் படிக்குப் போடுகிற அதே கறுப்புக் கோட்டு. வரிசையைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், வராந்தாவில் ஏறிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

எனக்குப் பின்னால் ஒரு கிழவர் பெருமூச்சு விட்டார். யூலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவு திறந்தது. மிஸ்டர் ரான்ஸம் வெளியே வந்து கையைத் தூக்கினார். பெரியப்பா அசையவில்லை.

"ஹோசியா."

"இன்னும் சரியா விடியல, மிஸ்டர் ரான்ஸம்."

சூரியன் பைன் மரங்களுக்கு மேல் வந்திருந்தது. எல்லோருடைய நிழலும் வராந்தாப் பலகையில் விழுந்திருந்தது. மிஸ்டர் ரான்ஸம் சிரித்த முகத்தோடு கிட்டே வந்து சாக்கைத் தானே பிடித்து இழுத்தார்.

உள்ளே இருந்தது ஒரு புள்ளிக்கோழி. பெட்டை. பெரியப்பா வீட்டுப் பின்புறம் முட்டைக்காக வளர்த்தது. அது இந்தக் கண்ணால் ஒரு தரமும் அந்தக் கண்ணால் ஒரு தரமும் மிஸ்டர் ரான்ஸமைப் பார்த்துவிட்டு, முட்டையிடப் போகும்போது முனகுமே, அப்படி முனகியது.

"என் சேவல் எங்க?"

"உங்க சேவல் உங்க இடத்துலதான் இருக்கு. தீனி போட்டுட்டுத்தான் வந்தேன்." பெரியப்பாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்குச் சொந்தமா இருக்கிறது இதுதான்."

முதலில் யூலாதான் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அவளுக்குப் பின்னால், அவருக்குப் பின்னால் என்று சிரிப்பு வரிசையோடு இறங்கிச் சாலைவரை போயிற்று. நானும் சிரித்தேன். எங்கள் மாவட்டத்தில் பிரூயிட் குடும்பத்து ஆள் ஒருவரைப் பார்த்து, அவர் காது கேட்க, அதற்குமுன் யாரும் சிரித்ததில்லை. சிரிப்பு முடிந்தபோது எதிர்ப்பக்கத்துப் பிக்கப்புகளில் சிகரெட்டுகள் அணைந்திருந்தன. மிஸ்டர் ரான்ஸம் சாக்கை நாலாக மடித்தார். ஓரங்களைச் சரிபார்த்து, பெரியப்பாவின் தோளில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பெரியப்பாவின் பெயர் ஓட்டர் பட்டியலில் இல்லை. அவர் பதியவே போகவில்லை. வரிசை கரையும்வரை கோழியோடு அங்கேயே நின்றார். உள்ளே போன வயதானவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மாவட்டத்தில் எருது தோற்றது. மற்ற நிலங்களிலிருந்து வேலையாட்களை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து, சேவலின் கீழே குறி போடச் சொல்லி இறக்கினார்கள். பிரூயிட் கடைச் சாவடியில் மட்டும் எருது ஜெயித்தது. அது நல்ல செய்தி என்று நாங்கள் யாரும் வெளியில் சொல்லவில்லை.

வீட்டை அவர்கள் பிரித்தே எடுத்துவிட்டார்கள். அளந்தது அதற்குத்தான் போலிருக்கிறது. பலகைகள் லாரியில் கச்சிதமாக அடங்கின. தேவதாரு மரத்தைச் சுற்றிப் புது முள்வேலி வந்தது. நீலக் கோப்பையையாவது எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். கல்லறையிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது, அவள் தேடுவாள் என்றார். ஒரு பெட்டியையும் கோழிகளையும் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வந்தார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நான் போர்வைகள் கொண்டுபோயிருந்தபோது மிஸ்டர் ரான்ஸமின் கார் கூடாரங்களுக்கு முன்னால் வந்து நின்றது. பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் இறங்கினார். கையில் துண்டு சுற்றிய சிவப்புச் சேவல், கழுத்து தொங்கியது. துண்டு நனைந்திருந்தது.

"புது ஆளுக்குத் தெரியல," என்றார். சேவலைப் பெரியப்பா பக்கம் நீட்டினார்.

யூலா பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சாகட்டும். உங்க வீட்டையே பிரிச்சாங்க."

"அது என் வீட்டைப் பிரிக்கல, சிஸ்டர்."

சேவலை வாங்கி, அதன் தலையை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினார். மறுபடியும் உறிஞ்சினார். மண்ணில் ரத்தம் கறுப்பாகக் கிடந்தது. சேவல் ஒரு காலை உதைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தது. அதைத் துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"திரும்பி வந்துடு, ஹோசியா," என்றார் மிஸ்டர் ரான்ஸம். "வேற வீடு தரேன். வேலியை எடுத்துடறேன். ஒரு கூட்டத்துல படியில நின்னு, கோழி கொண்டுவந்தது உன் தப்புன்னு சொல்லு. அவ்வளவுதான்."

பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டு சாலைப் பக்கம் பார்த்தார். வேலியை எடுத்துவிடுகிறேன் என்றபோது அவர் கை அசைந்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம், போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"தப்பு இல்லையே, மிஸ்டர் ரான்ஸம்."

"நான் ரெண்டாவது தடவை கேக்கறதில்ல."

"தெரியும்."

கார் திரும்பிப் போன பிறகு வெகுநேரம் அவர் அங்கேயே நின்றார். யூலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, "நாளைக்குச் சர்ச்சுல கொஞ்சம் சத்தமாப் பாடணும்," என்றார். யூலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை அவர் கோழிகளுக்குக் கூடு அடிக்க ஆரம்பித்தார். பழைய பெட்டிப் பலகை, பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுபோன கம்பி வலை. இடம் மட்டும் சரியில்லை, சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, உள்ளே தள்ளிப் போடுங்கள் என்று யூலா சொல்லிப் பார்த்தாள். காலை வெயில் அங்கேதான் முதலில் விழுகிறது, கோழிக்கு அது வேண்டும் என்று சொல்லிவிட்டார். பகலில் சாலையில் கார்கள் மெதுவாகப் போவதை அவரும் பார்த்திருக்கிறார். பார்த்தால் கையைத் தூக்கி வணக்கம் வைப்பாராம். யாரும் திருப்பி வைத்ததில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில்தான் அது நடந்தது.

பெரியம்மாவுக்குப் பக்கத்தில் அவரைப் புதைக்க அனுமதி கேட்டு நான் போகவில்லை. யாரும் போகக்கூடாது என்று யூலா சொல்லிவிட்டாள். சர்ச் பின்புறத்தில் குழி தோண்டியிருக்கிறார்கள்.

இன்று மாலை கூடாரத்துக்குப் போய் அவருடைய சாமான்களைக் கட்டினேன். கறுப்புக் கோட்டு, பைபிள், நாலாக மடித்தபடியே இருக்கிற சாக்கு. சுவரில் ஒட்டியிருந்த படங்கள் பலகைகளோடு போய்விட்டன. புள்ளிக்கோழி கூட்டுக்குள்தான் இருந்தது. கூட்டுக் கதவில் மேல் கீல் மாட்டியிருக்கிறது. கீழ்க் கீலுக்கான திருகாணிகள் அவர் சட்டைப் பையில் இருந்தன, அந்தச் சட்டை ஷெரிஃபிடம் இருக்கிறது. கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. கீழே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம்.